ஆவியாய்ப் போச்சுன்னு எழுது!

பி.காம். படித்தவனிடம் விஞ்ஞானம் கேட்கக் கூடாது. பாலுக்கும் டிகாக்ஷனுக்கும் உள்ள விகிதம்தான் எனக்குத் தெரிந்த ஒரே கெமிஸ்ட்ரி. அதிலும் சகதர்மிணி வாரத்துக்கு நாலு நாள் ஃபெயில் போட்டுவிடுகிறாள்.

ஆனாலும் இந்த வாரம் விஞ்ஞானம்தான் எழுதப் போகிறேன். காரணம், ஒரு டம்ளர் காபி.

போன மாதம் ஊருக்குப் போயிருந்தேன். (ஊர் பெயர் வேண்டாம். காவிரி வருகிற வருஷம் பச்சையாகவும், வராத வருஷம் பத்திரிகையிலும் இருக்கிற ஊர். புரிந்துகொள்ளுங்கள்.) பழைய பழக்கத்தில் பெரியம்மா வீட்டுக்குப் போனேன். சொந்தப் பெரியம்மா இல்லை. காலேஜ் முடித்து முதன்முதலாக நான் வேலை பார்த்த இடத்துக்குப் பக்கத்து வீட்டுக்காரர். அப்போது தினமும் மத்தியானம் எனக்கு ஒரு சொம்பு மோர் கொடுத்து அனுப்பியவர். அதனால் பெரியம்மா.

காபி வந்தது. டம்ளரை வாங்கிய நான் ஒரு விநாடி தயங்கிவிட்டேன் போலிருக்கிறது.

"குடிப்பா. கேன் தண்ணிதான். கிணத்துத் தண்ணி இல்ல" என்றார்.

கொல்லைப் பக்கம் எட்டிப் பார்த்தேன். கிணறு இருந்தது. மேலே இரும்பு மூடி. மூடியில் பூட்டு. சினிமாவில் வடிவேலு கிணற்றைக் காணவில்லை என்று புகார் கொடுத்தார். இங்கே கிணறு இருக்கிறது, கழுத்துவரை தண்ணீரும் இருக்கிறது, வாளி போடத்தான் முடியாது. யார் திருடிக்கொண்டு போவார்கள் என்று பூட்டு? யாரும் தெரியாமல் குடித்துவிடக் கூடாது என்றுதான் பூட்டு.

அந்தக் கிணற்றில் பெட்ரோல்.

சிரிக்காதீர்கள். லிட்டர் நூறு ரூபாய் சுமாருக்கு விற்கிற காலத்தில் கொல்லையில் பெட்ரோல் கிணறு இருந்தால் அரபு ஷேக் ஆகிவிடலாமே என்று நானும் ஜோக் அடித்திருக்கிறேன். அந்த ஜோக்குக்குப் பின்னால் என் கையெழுத்து இருக்கிறது என்பதுதான் விஷயம்.

* * *

2011-ல் பி.காம். முடித்துவிட்டு, சி.ஏ. படிப்பதாக வீட்டில் சொல்லிக்கொண்டு, ஒரு பெட்ரோல் பங்க்கில் கணக்கு எழுதினேன். சம்பளம் நாலாயிரம்.

பெட்ரோல் பங்க் கணக்கு ரொம்ப சுலபம். காலையில் பூமிக்கடியில் இருக்கிற டேங்க்குக்குள் நீளமான அளவுகோலை இறக்க வேண்டும். டிப் ராடு என்பார்கள். எதுவரை நனைந்திருக்கிறதோ அதைச் சார்ட்டில் பார்த்தால் எத்தனை லிட்டர் என்று தெரியும். நேற்றைய இருப்பு, கூட்டல் லாரியில் வந்தது, கழித்தல் மீட்டரில் விற்றது. மிச்சம் வரவேண்டிய கணக்கும் அளவுகோல் காட்டுகிற கணக்கும் ஒத்துப்போக வேண்டும்.

ஒத்துப்போகவில்லை. தினமும் பதினைந்து, இருபது லிட்டர் உதைத்தது. சராசரி பதினெட்டு.

முதலாளியிடம் போய்ச் சொன்னேன். அவர் விபூதி இட்டுக்கொண்டே, "பெட்ரோல்னா ஆவியாகும்ப்பா. வேப்பரைசேஷன் லாஸ்னு எழுது" என்றார்.

எழுதினேன்.

அவர் சொன்னதில் ஓரளவு நியாயமும் உண்டு. பெட்ரோல் ஆவியாகும். சூட்டில் விரியும், குளிரில் சுருங்கும். ஆயிரம் லிட்டருக்கு ஒரு டிகிரி வித்தியாசத்தில் சுமார் ஒரு லிட்டர் கூடும், குறையும். அதனால் ஒருநாள் குறைந்தால் இன்னொரு நாள் கூட வேண்டும். எங்கள் டேங்க்கில் ஒருநாள்கூடக் கூடவில்லை. எப்போதும் குறைவுதான். (என் பேங்க் பாஸ்புக் மாதிரி.)

ஒரு தடவை புயல் மழை. இரண்டு நாள் பங்க்கை மூடிவிட்டோம். ஒரு சொட்டு விற்பனை இல்லை. டேங்க் மூடியைத் திறக்கவே இல்லை. மூன்றாம் நாள் அளவுகோலை இறக்கினால் முப்பத்தாறு லிட்டர் காணோம்!

அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். விற்காமல், திறக்காமல், மழைக் குளிரில், பூமிக்கடியில் எந்தப் பெட்ரோல் ஆவியாகும்? மறுபடி முதலாளியிடம் போனேன். அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"டேங்க்கைத் தோண்டணும்னா ஒரு மாசம் வியாபாரம் போயிடும். எழுதுப்பா."

எழுதினேன். தீபாவளிக்கு ஐந்நூறு ரூபாயும் ஒரு வேட்டியும் கிடைத்தன.

இப்படி இரண்டு வருஷம். ஒருநாளைக்குப் பதினெட்டு லிட்டர் என்றால் நிமிஷத்துக்கு இரண்டரை டீஸ்பூன். இருமல் மருந்து அளவு! ஆனால் இருமல் மருந்தை இரண்டு வருஷம், ராத்திரி பகல் ஓயாமல், நிமிஷத்துக்கு ஒருதரம் ஊற்றினால்? பதின்மூவாயிரம் லிட்டர். ஒரு டேங்கர் லாரியை முழுசாகப் பூமிக்குள் கவிழ்த்திருக்கிறோம். லெட்ஜரில் அது ஆவியாகி ஆகாயத்துக்குப் போயிற்று. நிஜத்தில் சுவர் தாண்டிப் பெரியம்மா வீட்டுக் கிணற்றுக்குப் போய்க்கொண்டிருந்தது.

2013-ல் வேலையை விட்டு மெட்ராஸ் வந்தேன். அதே வருஷம் தண்டையார்பேட்டையில் வீட்டு போர்வெல்களில் எண்ணெய் வருகிறது என்று பேப்பரில் போட்டோவோடு செய்தி. பூமிக்கடியில் போகிற பெட்ரோலியக் குழாயில் கசிவு. விவகாரம் பசுமைத் தீர்ப்பாயம் வரை போயிற்று. பக்கெட்டில் இருந்த அந்தத் தண்ணீரின் போட்டோவைப் பார்த்தபோது எனக்கு வயிற்றில் என்னவோ செய்தது. பக்கத்தைத் திருப்பி ராசிபலன் பார்த்தேன். 'மறைந்த விஷயங்கள் வெளிப்படும்' என்றெல்லாம் போடவில்லை. தனவரவு என்று போட்டிருந்தது.

2016-ல் பெரியம்மா வீட்டில் முதல் வாடை.

* * *

ஆரம்பத்தில் யாரும் நம்பவில்லையாம். "எம்மருமவ சொன்னா, தண்ணி மண்ணெண்ணெய் வாடை வீசுதுன்னு. வேலை செய்யச் சோம்பல்பட்டுச் சொல்றான்னு நெனச்சேன்" என்றார் பெரியம்மா. அப்புறம் வாளியில் வானவில் தெரிந்தது. அப்புறம் பேத்திக்கு உடம்பெல்லாம் அரிப்பு.

மனு, மறு மனு, தாலுகா ஆபீஸ், கலெக்டர் ஆபீஸ் என்று ஒன்றரை வருஷம். கடைசியில் டேங்க்கைத் தோண்டி எடுத்தார்கள். அடியில் எட்டணா அளவுக்கு ஓட்டை. எந்த இடத்தில் தெரியுமா? அளவுகோலின் முனை தினமும் போய் 'டொக்'கென்று தட்டுமே, அதே இடத்தில்!

இது அதிசயமில்லையாம். பழைய இரும்பு டேங்க்குகளில் அடிக்கடி நடப்பதுதான். வருஷக்கணக்காகத் தட்டித் தட்டி அந்த இடத்தில் தகடு தேய்ந்து துருப் பிடிக்கும். அதனால்தான் தட்டும் இடத்தில் தனியாகக் கனமான தகடு ஒன்று வைப்பார்கள். எங்கள் டேங்க்கில் வைக்கவில்லை. அதாவது, எவ்வளவு குறைகிறது என்று அளந்த அதே கோல்தான் குறைவதற்கு வழியும் பண்ணியிருக்கிறது. காலை ஷிஃப்டில் அந்தக் கோலைப் பிடித்தது யார் என்று கேட்காதீர்கள்.

அப்புறம் சுத்தம் செய்ய ஆட்கள் வந்தார்கள். கூட ஒரு பெண் இன்ஜினீயர். மஞ்சள் ஹெல்மெட், சுடிதார், கையில் ஃபைல். பெரியம்மா அவருக்கும் மோர் கொடுத்திருக்கிறார். (கேன் தண்ணியில்.) மோர் குடித்த நன்றிக்கு அந்தப் பெண் எல்லாவற்றையும் புரியும்படி சொல்லிக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். பெரியம்மா அதை எனக்குச் சொன்னார். நான் பிறகு நாலு புத்தகம் புரட்டிச் சரிபார்த்துக்கொண்டேன். பெரியம்மா சொன்னது அத்தனையும் சரி. எட்டாம் கிளாஸ் படித்தவர்!

"ரசத்துல நெய்யை ஊத்தினா என்னப்பா ஆவும்? மேல மெதக்கும்ல? அதுதான். மண்ணு வழியா எறங்கி, நிலத்தடித் தண்ணிய தொட்டதும் அதுக்கு மேல பாய் விரிச்சாப்ல படுத்துக்கும்."

அந்தப் பாயைச் சுருட்டுவதுதான் முதல் வேலை. குழாய்க் கிணறு போட்டு, மேலே மிதக்கிற எண்ணெயை மட்டும் பம்ப்பால் உறிஞ்சி எடுக்கிறார்கள். இது பார்க்க நன்றாக இருக்கும். பீப்பாய் பீப்பாயாக வரும். மந்திரி வந்தால் போட்டோ எடுத்துக்கொள்ளலாம். ஆனால் இதோடு முடிந்தது என்று நினைத்தால் ஏமாந்தோம்.

ஏன் என்றால், நம் ஊர் நிலத்தடி நீர் ஒரே மட்டத்தில் நிற்பதில்லை. சித்திரையில் இறங்கும், ஐப்பசியில் ஏறும். தண்ணீர் இறங்கும்போது மேலே மிதக்கிற எண்ணெயும் கூடவே இறங்கி, வழியிலுள்ள மண்ணையெல்லாம் பூசிக்கொண்டே போகும். ஏறும்போது மறுபடி ஒரு பூச்சு. தோசைக்கல்லில் வெங்காயத்தை வைத்து எண்ணெய் தேய்ப்போமே, அந்த மாதிரி. இரண்டு மூன்று வருஷத்தில் ஆள் உயரத்துக்கு மண் எண்ணெயில் ஊறிவிடும். அதை எந்தப் பம்ப்பாலும் முழுசாக உறிஞ்ச முடியாது. மண் துகள்களுக்கு நடுவே பிடித்துக்கொண்டு விடாது.

அப்புறம் கரைந்தது. பெட்ரோல் தண்ணீரில் கரையாது என்று ஒன்பதாம் வகுப்பில் படித்தோம். முக்கால்வாசி கரையாது. ஆனால் அதிலுள்ள பென்சீன் கொஞ்சம் கரையும். அந்தக் கொஞ்சம்தான் எமன். நீண்ட நாள் உடம்பில் போனால் ரத்தப் புற்றுநோய் வரை கொண்டுபோய்விடக் கூடியது.

இங்கே என் பி.காம். மூளைக்கு ஒரு வேலை கிடைத்தது. குடிநீரில் பென்சீன் லிட்டருக்கு 10 மைக்ரோகிராமுக்கு மேல் போகக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. நம் பெட்ரோலில் பென்சீன் அதிகபட்சம் நூற்றுக்கு ஒரு பங்கு. ஒரு லிட்டர் பெட்ரோலில் 10 மில்லி. எடைக்கு சுமார் எட்டேமுக்கால் கிராம். அதை 10 மைக்ரோகிராமால் வகுத்தால்...

இரண்டு தடவை போட்டுப் பார்த்தேன். கால்குலேட்டரிலும் பார்த்தேன். எட்டே முக்கால் லட்சம் லிட்டர்!

ஒரே ஒரு லிட்டர் பெட்ரோலில் இருக்கிற பென்சீன் முழுக்கக் கலந்தால், எழுபது லாரிக்கு மேற்பட்ட தண்ணீர் குடிக்க லாயக்கில்லாமல் போகும். நான் ஆவியாக்கியது பதின்மூவாயிரம் லிட்டர். பெருக்கிப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. நீங்கள் பார்த்தால் சொல்லாதீர்கள்.

* * *

சரி, பம்ப்பில் வராததை என்ன செய்வது? மனிதன் பல வழி கண்டுபிடித்திருக்கிறான்.

ஒன்று, மண்ணையே தோண்டி எடுத்துவிடுவது. ஆழம் குறைவென்றால் நல்லது. வீட்டுக்கு அடியில் என்றால் வீட்டை என்ன செய்வது?

இரண்டு, மண்ணுக்குள் குழாய் இறக்கி, காற்றை உறிஞ்சுவது. மண்ணில் ஒட்டியிருக்கிற பெட்ரோல் ஆவியாகிக் குழாய் வழியே வரும். அதைக் கரி நிரப்பிய டப்பாவில் பிடித்து வடிகட்டுவார்கள். 'வேப்பரைசேஷன்' என்று நான் பொய்யாக எழுதியதை நிஜமாகவே செய்கிறார்கள்! பெரியம்மா வீட்டுச் சுவருக்கு அந்தப் பக்கம் இந்த மோட்டார் பதினெட்டு மாசம் ராத்திரி பகலாக ஓடியிருக்கிறது. "ஊருல இருக்குற மிக்ஸி எல்லாம் ஒரே சமயத்துல போட்டாப்ல சத்தம்" என்றார்.

மூன்று, தண்ணீருக்குள் காற்றை ஊதுவது. மீன் தொட்டியில் குமிழி விடுமே, அது மாதிரி. கரைந்திருப்பது குமிழியோடு மேலே வரும்.

நான்கு, தண்ணீரை இறைத்து, கரியில் வடிகட்டி, சுத்தம் செய்வது. இதில் ஒரு சூது உண்டு. இறைக்க இறைக்க அளவு குறையும். சந்தோஷமாக மோட்டாரை நிறுத்துவீர்கள். ஆறு மாசத்தில் மறுபடி ஏறும். மண்ணில் ஒளிந்திருந்தது மெதுவாகக் கரைந்து வெளியே வரும். கடன்காரன் வீட்டில் ஆள் இல்லை என்று நினைத்துத் தலைகாட்டுவோமே, அதே டெக்னிக்.

ஐந்தாவதுதான் எனக்குப் பிடித்தது. பாக்டீரியா!

பெட்ரோலைத் தின்கிற நுண்ணுயிர்கள் மண்ணிலேயே இருக்கின்றன. அவற்றுக்குச் சாப்பாடு நிறைய இருக்கிறது, தொட்டுக்கொள்ளத்தான் ஒன்றுமில்லை. தழைச்சத்தும் மணிச்சத்தும் பிராணவாயுவும் கொடுத்தால் போதும், பந்தி களைகட்டிவிடும். தோண்டிய மண்ணைக் குவித்து, உரம் போட்டு, ஈரம் காட்டி, அவ்வப்போது கிளறிவிடுகிறார்கள். எருக்குழிக் கதைதான். பெரியம்மா வீட்டு மண்ணை ஊருக்கு வெளியே கொண்டுபோய் இப்படித்தான் செய்திருக்கிறார்கள். "யூரியா மூட்டை வந்து இறங்குது. நெல்லு நடப் போறாங்களோன்னு நெனச்சேன்" என்றார் பெரியம்மா.

இந்த விஷயத்தில் நம்மவர் ஒருவர் உலகப் புகழ் பெற்றவர். வங்காளத்துக்காரர், ஆனந்த சக்கரவர்த்தி. அமெரிக்காவில் ஜெனரல் எலெக்ட்ரிக் கம்பெனியில் இருந்தபோது எண்ணெயைச் சிதைக்கிற பாக்டீரியா ஒன்றை உருவாக்கினார். உயிருள்ள ஜீவனுக்குக் காப்புரிமை தரலாமா என்று வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 1980-ல் ஐந்துக்கு நாலு என்ற கணக்கில் அவர் பக்கம் தீர்ப்பானது. நம் நாட்டிலேயே டெல்லியில் உள்ள டெரி ஆராய்ச்சி நிறுவனம் 'ஆயில்ஜாப்பர்' என்று ஒரு பாக்டீரியாக் கூட்டணியைத் தயார் செய்திருக்கிறது. மக்காச்சோளக் கட்டையைப் பொடித்து அதில் ஏற்றி மண்ணில் தூவுகிறார்கள். நம் நாட்டில் எண்ணெய் விஷயத்தில் ஒழுங்காக வேலை செய்கிற கூட்டணி அது ஒன்றுதான் என்று தோன்றுகிறது.

பாக்டீரியாவிடம் ஒரே குறை. அவசரப்படாது. அமெரிக்காவில் மினசோட்டா மாநிலத்தில் பெமிட்ஜி என்ற ஊர். 1979 ஆகஸ்டில் அங்கே ஒரு குழாய் வெடித்து சுமார் 17 லட்சம் லிட்டர் கச்சா எண்ணெய் கொட்டியது. முக்கால்வாசியை எடுத்துவிட்டார்கள். எடுக்க முடியாத சுமார் 4 லட்சம் லிட்டரை மண் வைத்துக்கொண்டது. விஞ்ஞானிகள் கூடாரம் போட்டு 1983-லிருந்து அங்கே என்ன நடக்கிறது என்று கவனித்து வருகிறார்கள். பாக்டீரியா பாட்டுக்குத் தின்றுகொண்டிருக்கிறது. பென்சீனை வெகுதூரம் பரவவிடாமல் தடுத்தும் இருக்கிறது. ஆனால் பந்தி இத்தனை வருஷமாகியும் முடியவில்லை. கொட்டுவதற்கு ஒரு நாள். தின்பதற்கு ஒரு தலைமுறை.

* * *

அடுத்தது என் சப்ஜெக்ட். காசு!

சுத்தம் செய்ய யார் பணம் கொடுப்பது? எங்கள் ஊரில் இந்தக் கேள்விக்கு முதலாளி எண்ணெய்க் கம்பெனியைக் காட்டினார். கம்பெனி முதலாளியைக் காட்டியது. இரண்டு பேரும் சேர்ந்து, 'இது பக்கத்து லாரி ஷெட்டின் எண்ணெயாக இருக்கலாம்' என்றார்கள். பெரியம்மா மட்டும் யாரையும் காட்டாமல் மாசம் அறுநூறு ரூபாய்க்குக் கேன் தண்ணீர் வாங்கிக்கொண்டிருந்தார்.

'அழுக்காக்கினவன் காசு கொடு' என்பது நம் நாட்டுச் சட்டம்தான். 1996-ல் வேலூர்ப் பக்கத்துத் தோல் தொழிற்சாலைகள் வழக்கில் உச்ச நீதிமன்றம் அடித்துச் சொன்னது. அதாவது, இந்தியா முழுவதுக்குமான அந்தப் பாடம் நம் பாலாற்றங்கரைக் கிணறுகளிலிருந்துதான் போயிருக்கிறது. மாசுபட்ட இடங்களைக் கண்டுபிடித்துச் சுத்தம் செய்வதற்கென்றே தனி விதிகளை மத்திய அரசு 2025-ல் கொண்டுவந்தது. அதிலும் செலவு, காரணமானவன் தலையில்தான்.

அமெரிக்காக்காரன் இதில் நம்மைவிடக் கெட்டிக்காரன். அங்கே பூமிக்கடி டேங்க்குகள் ஒழுகிய கேஸ்கள் இதுவரை ஐந்தரை லட்சத்துக்கும் மேல். 1986-ல் ஒரு நிதி ஆரம்பித்தான். பெட்ரோல் போடுகிற ஒவ்வொருவரும் கேலனுக்கு ஒரு சென்ட்டில் பத்தில் ஒரு பங்கு கொடுக்க வேண்டும். அவ்வளவுதான். சில்லறைகூட இல்லாத சில்லறை. ஒழுகவிட்டவன் ஓடிப் போய்விட்டாலோ திவாலாகிவிட்டாலோ அந்த நிதியில் சுத்தம் செய்யலாம். இதைத்தான் நாங்கள் 'புரொவிஷன்' என்று இரண்டாம் வருஷத்தில் படித்தோம்.

நம் சொந்தக்காரர்கள் ஊரிலும் இந்தக் கதை நடந்திருக்கிறது. யாழ்ப்பாணத்தில் சுன்னாகம். அந்தப் பக்கம் வற்றாத ஆறு கிடையாது. சுண்ணாம்புப் பாறை, அதற்குள் தண்ணீர், அதற்குக் கிணறு, அதுதான் ஜீவாதாரம். அங்கே மின் நிலையத்துக் கழிவெண்ணெய் கிணறுகளில் இறங்கியது. ஒரு சூழல் ஆர்வலர் வழக்குப் போட்டார். 2019 ஏப்ரலில் இலங்கை உச்ச நீதிமன்றம், அந்தத் தனியார் மின் நிலைய நிறுவனம் 2 கோடி ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்றது. ஒரு கிணற்றுக்காரருக்கு அதிகபட்சம் 40 ஆயிரம். போர், ஷெல்லடி எல்லாம் தாங்கிய கிணறுகள் ஸார்! கடைசியில் டீசலுக்குத் தோற்றன.

* * *

உங்கள் வீட்டுக் கிணற்றிலோ போரிலோ பெட்ரோல், டீசல் வாடை வந்தால் என்ன செய்ய வேண்டும்? பெரியம்மா அனுபவத்தில் சொன்னது, நான் சரிபார்த்தது:

கிணற்றை எட்டிப் பார்க்கத் தீக்குச்சி கிழிக்காதீர்கள். யாரையும் உள்ளே இறக்காதீர்கள். கொதிக்க வைத்தால் சரியாகிவிடும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள்; தண்ணீரில் இருப்பது ஆவியாகிச் சமையலறைக்கு வரும், அவ்வளவுதான். குடிக்க மட்டுமில்லை, குளிக்கவும் வேண்டாம். மோட்டார் போட்டு இறைத்து இறைத்து ஊற்றினால் சுத்தமாகிவிடும் என்றும் நினைக்காதீர்கள். இறைக்க இறைக்க எண்ணெயை உங்கள் பக்கம் இழுப்பதாகத்தான் முடியும். சோதனைக்குக் கொடுக்கும்போது கண்ணாடி பாட்டிலில் கழுத்துவரை, காற்று இடைவெளி இல்லாமல் நிரப்பிக் கொடுங்கள். பிளாஸ்டிக் பாட்டிலில் பாதி எடுத்துப் போனால் பாதி வழியிலேயே பறந்துவிடும். கலெக்டருக்கும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கும் எழுதுங்கள். எழுதியதற்கு நகல் வைத்துக்கொள்ளுங்கள். (இது பி.காம். அட்வைஸ்.)

பங்க்கில் கணக்கு எழுதுகிற தம்பிகள் யாராவது இதைப் படித்தால் உங்களுக்கும் ஒரு வார்த்தை. தினமும் ஒரே பக்கமாகக் குறைந்தால் அது ஆவி இல்லை. ஓட்டை.

* * *

காபியைக் குடித்து முடித்தேன். எழுந்திருக்க மனசு வரவில்லை.

"இப்ப எப்படி இருக்கு பெரியம்மா, தண்ணி?"

"வாடை போயிட்டு. பாத்தா கண்ணாடி மாதிரி இருக்கு. ஆனா அந்தப் பொண்ணு இன்னும் வேண்டாங்குது. ஆறு மாசத்துக்கு ஒருக்கா பாட்டில்ல புடிச்சிட்டுப் போவுது. போன தடவை இன்னும் கொஞ்சம் இருக்குன்னுது. உங்க பெரியப்பா வெட்டுன கெணறுப்பா. கல்லு கட்டுறப்ப நானும் மண்ணு சுமந்தேன். சாவறதுக்குள்ள ஒரு சொம்பு அதுலேர்ந்து குடிச்சிட்டுப் போவணும். கேன் தண்ணி தண்ணியாவா இருக்கு? அதுல ஊத்துனா எம்மோருக்கே என்னைத் தெரியல."

எத்தனையோ தடவை வந்திருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் சொல்ல நினைத்துச் சொல்லாமலே திரும்பியிருக்கிறேன். இந்தத் தடவை சொல்லிவிட்டேன். பதினெட்டு லிட்டர், புயல் மழை, முப்பத்தாறு லிட்டர், ஐந்நூறு ரூபாய், வேட்டி. எல்லாம். குனிந்த தலை நிமிராமல்.

பெரியம்மா ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை. கொல்லையில் பம்ப் செட் மாதிரி என் நெஞ்சு அடித்துக்கொண்டது. திட்டினால் வாங்கிக்கொள்ளலாம் என்று உட்கார்ந்திருந்தேன்.

கடைசியில் கேட்டார். "அந்த மோர நீயும்தானே குடிச்ச?"

"ஆமா பெரியம்மா."

"உடம்பு நல்லாருக்கா? டாக்டர்கிட்ட காட்டுனியா?"

எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. திட்டியிருக்கலாம்.

டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போகும்போது திரும்பிப் பார்த்து, "கணக்குத் தப்பா எழுதிட்டா என்னப்பா செய்வீங்க? அடிச்சித் திருத்திடுவீங்களா?" என்றார்.

"அடிக்கக் கூடாது பெரியம்மா. எழுதினது அப்படியே இருக்கணும். கீழே தேதி போட்டுத் தனியா ஒரு திருத்தப் பதிவு எழுதணும்."

"அப்ப எழுது" என்றார்.

எழுதிவிட்டேன். மேற்படி பங்க்கில், 2011 முதல் 2013 வரை, 'வேப்பரைசேஷன் லாஸ்' என்று என் கையெழுத்தில் காட்டப்பட்ட சுமார் 13,000 லிட்டர் பெட்ரோல் ஆவியாகவில்லை. பக்கத்து வீட்டுக் கிணற்றில் வரவு வைக்கப்பட்டது. பாக்கி இன்னும் நேராகவில்லை.